காதில் எத்தனை முழம்?

டிவி விமர்சன வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு பேரழிவுத் தொடரைக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். அடிக்கச் சுலபம் என்ற நினைப்பு. கிராஃபிக்ஸைக் கிண்டல் செய்து ஒரு பத்தி, வசனத்தைக் கிண்டல் செய்து ஒரு பத்தி, 'காதில் பூ' என்று ஒரு கடைசி வரி, வேலை தீர்ந்தது. அச்சில் வந்தபின் படித்தால்தான் உறைக்கும்: தொடரைப் பார்த்தவருக்கு முன்பே தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறோம். காதில் பூ இருப்பது அவருக்கும் தெரியும். எத்தனை முழம் என்று அளந்து சொல்லத்தான் விமர்சகருக்குச் சம்பளம்.

இதைப் பழகிக்கொள்ள '10.5' என்ற அமெரிக்கக் குறுந்தொடரைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2004 மே 2, 3 ஆகிய இரண்டு இரவுகளில் என்.பி.சி. என்ற சேனல் ஒளிபரப்பியது. இயக்கம் ஜான் லாஃபியா. நிலநடுக்க ஆய்வாளர் சமந்தா ஹில்லாக கிம் டிலேனி, அதிபராக போ பிரிட்ஜஸ், பேரிடர் முகமையின் தலைவராக ஃபிரெட் வார்டு. சியாட்டிலில் 7.9, கலிபோர்னியாவின் ரெடிங்கில் 8.4, சான் பிரான்சிஸ்கோவில் 9.2 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் தலைப்பில் உள்ள எண் வருகிறது. நடுவே ஓடும் ரயிலைத் துரத்திவந்து ஒரு வெடிப்பு விழுங்குகிறது, கோல்டன் கேட் பாலம் அறுந்து விழுகிறது. நிலநடுக்கம் பிறக்கும் பாறைப் பிளவை அணுகுண்டுகளால் 'வெல்டிங்' வைக்க முயல்கிறார்கள். அது பாதிதான் பலிக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பெருநிலத்திலிருந்து பிய்த்துக்கொண்டு தீவாகிறது.

விமர்சகர்களில் பெரும்பாலோர் கிழித்தார்கள். புவியியலாளர்கள் ஒளிபரப்புக்கு முன்பே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் முதல் இரவில் மட்டும் இரண்டு கோடி அளவில். 2006 மே மாதத்திலேயே இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஹூவர் அணையும் லாஸ் வேகாஸும் போயின.

இந்த முரணை 'ஜனங்களுக்கு ரசனை இல்லை' என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் மாதங்கள் 'ஸ்வீப்ஸ்' மாதங்கள். உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணத்தை அன்று அந்த மாதங்களில் நீல்சன் நிறுவனம் எடுத்த பார்வையாளர் கணக்குதான் தீர்மானித்தது. மே மாதத்தின் முதல் ஞாயிறு, திங்கள் இரவுகளில் ஒரு சேனல் வைப்பது நாடகக் கலைக்கான முயற்சி அல்ல, வலை. அதே வாரம் வியாழக்கிழமை, மே 6 அன்று, அதே சேனலில் 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் கடைசி அத்தியாயம். ஆக அந்த வாரம் முழுவதுமே தூண்டில் போடும் வாரம். '10.5'இன் ஒவ்வொரு காட்சியையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

விளம்பரம் போக மொத்தம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அதை விளம்பர இடைவேளைகள் துண்டு துண்டாக வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஏதாவது விழுவதிலோ, யாராவது திகைத்து நிற்பதிலோ முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரிமோட் வேலை செய்யும். ஆனால் எல்லாத் துண்டுக்கும் பாலம் இடிக்கக் காசு கிடையாது. அதனால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் திரையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். மற்றவர் அதையே திருப்பிச் சொல்வார். கேமரா அவர் முகத்தை நோக்கி வெடுக்கென்று பாயும். '10.5'இல் சும்மா உட்கார்ந்து பேசும் காட்சியிலும் கேமரா இப்படிப் பாய்ந்து பாய்ந்து பின்வாங்கும். விமர்சகர்களை நிலநடுக்கத்தைவிட அதிகம் ஆட்டியது இதுதான். காசு இல்லாத இடத்தில் பதற்றத்தை வரவழைக்கும் மலிவான உத்தி அது. எழுதும்போது 'கேமரா ஆடுகிறது' என்று மட்டும் போடாமல், எந்த ஓட்டையை அடைக்க ஆடுகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் வாசகருக்குப் பயன்.

வேலை முறை பற்றி ஒன்று. ஒளிபரப்புக்கு முன் வரும் பார்வைப் பிரதியில் கிராஃபிக்ஸ் பல நேரம் முடிந்திருக்காது. சாம்பல் நிறக் கட்டடம், பச்சைத் திரை, கீழே 'தற்காலிகம்' என்று ஒரு வரி. அதை வைத்துக் கிராஃபிக்ஸைத் திட்டினால் மறுநாள் நம் முகத்தில்தான் கரி. முதல் தடவை நிறுத்தாமல் பார்க்க வேண்டும், பார்வையாளர் அப்படித்தான் பார்ப்பார். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி, தாளில் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொண்டு. முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் என்ன இடிந்தது. மூன்றாவதில் தவறு எந்த ரகம்.

இந்த மூன்றாவது பத்திதான் முக்கியம், ஏனென்றால் எல்லாத் தவறும் ஒன்றல்ல. சில தவறுகள் வெறும் மிகைப்படுத்தல், யாருக்கும் நட்டமில்லை. சில, இயற்கை எப்படி வேலை செய்கிறது என்பதையே தலைகீழாகக் காட்டுபவை. இன்னும் சில இடங்களில் கையருகே இருந்த நல்ல கதையை விட்டுவிட்டு வேறெங்கோ போயிருப்பார்கள். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குற்றம்.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் கோபுரம் சாய்கிறது, அது தன் மேல் விழாமல் ஒருவர் சைக்கிளில் தப்பி ஓடுகிறார். பார்வையாளர்கள் இன்றுவரை நினைவில் வைத்திருப்பது இந்த சைக்கிளைத்தான். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய அந்தக் கோபுரத்தின் உயரம் 605 அடி. அடித்தளம் 30 அடி ஆழத்துக்குக் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டின் கனத்தால் முழுக் கட்டுமானத்தின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து வெறும் ஐந்தடி உயரத்தில்தான் இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் தத்துவம். 2001 பிப்ரவரியில் 6.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது ஆடியது, விழவில்லை. அது வேரோடு சாய்வது மிகை. ஆனால் முதல் ரக மிகை. சைக்கிள்காரர் எந்தப் பக்கம் ஓடினார் என்பதைத்தான் கேட்க வேண்டும்: விழும் கோபுரத்தின் நீளவாக்கிலேயே ஓடாமல் பக்கவாட்டில் பத்து மிதி மிதித்திருந்தால் கதை முடிந்திருக்கும். இந்தக் கேள்வியை வீட்டில் பாப்கார்ன் கொறிப்பவரும் கேட்டுவிடுவார். சத்தம் போட்டு அதைக் கேட்பதில்தான் அவருக்கு ஆனந்தமே.

தலைப்பில் உள்ள எண்ணைத்தான் நாம் அளக்க வேண்டும். 'அவ்வளவு பெரிய நிலநடுக்கம் வராது' என்று எல்லா விமர்சனங்களும் சொல்லின. கருவியில் பதிவானவற்றில் மிகப் பெரியது 1960 மே 22 அன்று சிலியில் வந்த 9.5 என்றும் பலர் சேர்த்தார்கள். சரி. ஆனால் 9.5 வந்த பூமியில் 10.5 ஏன் வராது? ஒன்றுதானே கூட? அங்கேதான் வாசகர் கைவிடப்படுகிறார். அவருக்கு வேண்டியது ஒரு பெருக்கல் கணக்கு.

உடையும் பிளவின் நீளம், கீழ்நோக்கி அதன் அகலம், இரு பக்கமும் நகர்ந்த தூரம் ஆகிய மூன்றையும் மீட்டரில் எழுதிப் பெருக்குங்கள். அதைப் பாறையின் விறைப்பால் பெருக்குங்கள், அதற்கு 3,000 கோடி பாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். வரும் எண்ணுக்குப் பத்தடிமான மடக்கை (கால்குலேட்டரில் 'log') எடுத்து, 9.1ஐக் கழித்து, 1.5ஆல் வகுத்தால் நிலநடுக்கத்தின் அளவு. சரியாக வருகிறதா என்று 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை வைத்துச் சோதிக்கலாம். பிளவு 477 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்தது. ஆழம் 12 கிலோமீட்டர், நகர்வு சராசரி 5 மீட்டர் என்று போட்டால் மடக்கை 20.93. கழித்து வகுத்தால் 7.9. கணக்கு நிற்கிறது.

இப்போது அதையே பின்னாலிருந்து போடுவோம். 10.5க்கு மடக்கை 24.85, அதாவது ஏழுக்குப் பின்னால் இருபத்து நான்கு சுழி. நகர்வைத் தாராளமாக 30 மீட்டர் என்றும், அகலத்தைச் சிலியில் இருந்ததுபோல 200 கிலோமீட்டர் என்றும் கொடுத்தால் நீளம் எவ்வளவு வேண்டும்? ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000தான். ஒரே பிளவு பூமியைச் சுற்றி ஒட்டியாணம் போட்டதுபோல் கிடந்து, ஒரே மூச்சில் உடைய வேண்டும். கதை நடக்கும் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவோ அவ்வளவு ஆழம் போவதில்லை, உடையக்கூடிய பகுதி 15 கிலோமீட்டர் அளவுதான். அந்த ஆழத்தோடு 10.5 வேண்டுமென்றால் பிளவின் நீளம் ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். நிலாவே நாலு லட்சத்துக்குள்தான் இருக்கிறது. உண்மையில் அந்தப் பிளவின் நீளம் 1,300 கிலோமீட்டர். முழுவதும் ஒரே நாளில் உடைந்து பத்து மீட்டர் நகர்ந்தாலும் 8.4க்கு மேல் எழும்பாது.

எழுத்தாளர்கள் இந்த எண்களைக் கிரிக்கெட் ஸ்கோர்போல் ஏற்றியிருக்கிறார்கள். அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. அப்படிப் பார்த்தால் 7.9இலிருந்து 10.5க்குப் போவது கிட்டத்தட்ட 8,000 மடங்கு. திரையில் முதல் நிலநடுக்கத்துக்கும் கடைசி நிலநடுக்கத்துக்கும் ஆட்டத்தில் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. முதலிலேயே கேமராவை முழு ஆட்டு ஆட்டிவிட்டால் அப்புறம் எங்கே போவது?

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடலாம். தமிழ்ச் செய்தியில் எந்த நிலநடுக்கமானாலும் 'ரிக்டர் அளவுகோலில் பதிவானது' என்று கை தானாக எழுதிவிடும். ரிக்டரின் அளவுகோல் 1935இல் தெற்குக் கலிபோர்னியாவுக்காக அமைந்தது, 7ஐ நெருங்கும்போதே தேங்கிவிடும். பெரியவற்றுக்கு இன்று பயன்படுவது மேலே போட்ட கணக்கு. அதனால் '10.5 ரிக்டர்' என்பது இரட்டைப் பூ. இன்னொன்று: அந்த எண் நிலநடுக்கத்தின் அளவு, உங்கள் வீடு ஆடிய அளவு அல்ல. பல்பின் வாட்ஸ் வேறு, நீங்கள் உட்கார்ந்திருக்கும் மூலையில் விழும் வெளிச்சம் வேறு.

அணுகுண்டு வெல்டிங் இரண்டாம் ரகத் தவறு. பிளவு ஒட்டாமல் இருப்பதால்தான் ஆபத்து, ஒட்டவைத்தால் சரியாகிவிடும் என்பது தொடரின் தர்க்கம். நிஜத்தில் பிளவு உராய்வால் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. ஒட்டிய இடத்தில் விசை சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் விடுபடுகிறது. வெல்டிங் வைக்க முடிந்தாலும் அடுத்த நிலநடுக்கத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள். அணுகுண்டு பாறையை என்ன செய்யும் என்பதற்கு நிஜப் பரிசோதனையே உண்டு. 1971 நவம்பர் 6 அன்று அலாஸ்காவின் அம்சிட்கா தீவில், சுமார் 1.8 கிலோமீட்டர் ஆழத்தில், ஐந்து மெகாடன் அளவுள்ள குண்டை அமெரிக்கா வெடித்தது. அமெரிக்கா நிலத்தடியில் வெடித்தவற்றில் அதுதான் பெரியது. நிலநடுக்கமானிகளில் 7ஐ ஒட்டி வந்தது. பெரிய நிலநடுக்கம் எதையும் அது தூண்டவில்லை, எதையும் ஒட்டவைக்கவும் இல்லை. மேலே தரை இடிந்து பள்ளமாகி, பின்னால் ஒரு குளமானது.

ரயிலை விழுங்கும் வெடிப்பும் இதே ரகம்தான், ஆனால் இது பயத்தைத் தவறான இடத்தில் ஏற்றுவதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதலாம். பிளவின் இரு பக்கமும் விலகித் திறந்துகொண்டால் உராய்வே இருக்காது. உராய்வு இல்லையென்றால் விசை சேராது, நிலநடுக்கமே வராது. சரிவிலும் ஆற்றங்கரை மண்ணிலும் வெடிப்பு விடும், உண்மை. ஆனால் அது யாரையும் துரத்தாது. நிலநடுக்கத்தில் ஆளைக் கொல்வது கட்டடம். தொடரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை தரையைப் பார்த்து ஓடும், தலைக்கு மேல் இருக்கும் அலமாரியைப் பார்க்காது.

நாயகியின் கணிப்பு பற்றியும் பலர் சிரித்தார்கள். ஓர் அதிர்வு வந்ததும் அடுத்தது எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார், மேலதிகாரிகள் நம்ப மறுக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து அதைவிடப் பெரியது வருவதற்கு நூற்றில் ஐந்து அளவே வாய்ப்பு. நிஜ உலகின் பதில் ஐந்தே மாதத்தில் வந்தது. அதே சான் ஆண்ட்ரியாஸில் பார்க்ஃபீல்டு என்ற சின்ன ஊரில், சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவில் அதிர்வு வரும் வழக்கத்தை வைத்து, 1993க்குள் அடுத்தது வரும் என்று ஆய்வாளர்கள் கணித்துக் கருவிகளோடு காத்திருந்தார்கள். 1993 போனது. வரவில்லை. 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது, சரியாக 6.0. உலகிலேயே அதிகக் கருவிகள் புதைத்த இடங்களில் ஒன்று, ஆனாலும் முன்னறிகுறி என்று எதுவும் சிக்கவில்லை.

இனி மூன்றாம் ரகம். தொடர் சியாட்டிலில் தொடங்கியது, பிறகு கலிபோர்னியாவுக்கு ஓடிவிட்டது. கரையிலேயே மூழ்கிச் செத்த மரங்களின் எலும்புக்கூடுகள் நிற்கும் கடற்கரை வாஷிங்டன் மாநிலத்திலேயே இருக்கிறது. அந்த மரங்களின் வளையங்களும், ஜப்பானியப் பதிவேடுகளில் அதிர்வே உணராமல் வந்து தாக்கியதாக எழுதப்பட்ட ஓர் அலையும் சேர்ந்து ஒரே இரவைக் காட்டுகின்றன: 1700 ஜனவரி 26. காஸ்கேடியா என்ற கடலடிப் பிளவு சுமார் 9 அளவில் உடைந்த இரவு. அது மறுபடியும் உடையும். இவ்வளவு நல்ல கதையைக் காலடியில் வைத்துக்கொண்டு பூமியைச் சுற்றி ஒட்டியாணம் தேடப் போனார்கள். விமர்சனங்களில் இது அதிகம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

லாஸ் ஏஞ்சலிஸ் தீவாவதற்கும் விளக்கம் உண்டு, அது நமக்குப் பழக்கமானதும்கூட. சான் ஆண்ட்ரியாஸ் பக்கவாட்டுப் பிளவு. குறுகிய தெருவில் இரண்டு பேருந்துகள் உரசிக்கொண்டு எதிரெதிராகப் போவதுபோல் அதன் இரு பக்கமும் உள்ள நிலத்தட்டுகள் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் கடலுக்குள் போகவில்லை, சான் பிரான்சிஸ்கோவை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வந்து சேர ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

பக்கவாட்டு நகர்வுக்கும் செங்குத்து நகர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ் வாசகருக்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. தொடர் வந்த அதே ஆண்டு டிசம்பர் 26 காலை, சுமத்ரா அருகே 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்த 9.1 கடல்தரையை மேலே தூக்கியது. சென்னையில் லேசான ஆட்டமாக உணர்ந்தவர்கள் மறுபடி படுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால்தான் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் கடல் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் அதே கடலில் 8.6. சென்னையில் அலுவலகங்கள் காலியாகின, மெரினாவிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். பெரிய அலை வரவில்லை, காரணம் அது பக்கவாட்டு நகர்வு, நீரைத் தூக்கவில்லை. திரையில் எல்லாம் நொடிகளில் நடக்கும். 2004இல் நமக்கு இரண்டு மணி நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் வந்தது.

புவியியலாளர்கள் '10.5'க்குச் சொன்ன பதிலில் எனக்குப் பிடித்தது அவர்களின் திருத்தங்கள் அல்ல. அவர்களே பின்னால் எழுதிய திரைக்கதைதான். 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை, லூசி ஜோன்ஸ் தலைமையில், தெற்குக் கலிபோர்னியாவுக்கு ஒரு கற்பனை நிலநடுக்கத்தை அமைத்தது. அளவு 7.8. சால்டன் கடலருகே தொடங்கி 300 கிலோமீட்டர் உடைகிறது. சுமார் 1,800 பேர் இறக்கிறார்கள், 50,000 பேர் காயமடைகிறார்கள், நட்டம் 20,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று அதை வைத்துப் பல லட்சம் பேர் மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள்.  நட்டத்தின் பெரும் பங்கு அதிர்வுக்குப் பின் பற்றும் தீயிலும், குழாய் உடைந்து தண்ணீர் இல்லாமல் மூடிக்கிடக்கும் கடைகளிலும் போகிறது. சில இடங்களில் குழாயில் மறுபடி தண்ணீர் வர ஆறு மாதம்.